ரீஜென்ட் கால்வாயோரம்: முழங்கால் வலியோடும் நடக்கக்கூடிய லண்டன்

ஜூன் மாதம் லண்டனுக்கு வரும் உங்கள் பெற்றோரை ஊருக்குள்ளேயே, பழைய பூங்காக்களும் தண்ணீரும் நிழலும் உள்ள ஒரு நடைக்கு அழைத்துச் செல்ல விரும்புவதாகவும், அம்மாவுக்கு முழங்கால் வலி இருப்பதால் ஏற்றமும் படிகளும் குறைவாக இருக்க வேண்டும் என்றும், அப்பாவுக்கு வெறும் பசுமை போதாது, பார்ப்பவற்றுக்குப் பின்னால் வரலாறும் வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இம்மூன்றுக்கும் சேர்த்து நான் சொல்லக்கூடிய விடை ஒன்றுதான்: மேற்கே பேடிங்டனுக்கு அருகில் தொடங்கிக் கிழக்கே லைம்ஹவுஸில் தேம்ஸ் நதியை அடையும் ரீஜென்ட் கால்வாயின் கரை. மொத்த நீளம் 13.8 கிலோமீட்டர். அதை ஒரே நாளில் முடிக்க முயலாதீர்கள். இரண்டு நாட்களாகப் பிரித்துக்கொண்டால், இடையில் வரும் பூங்காக்களில் உட்கார நேரம் கிடைக்கும்.

முழங்காலுக்கு இந்த வழி ஏன் ஒத்துவரும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கால்வாய் நீர் மட்டமாக நிற்க வேண்டும். ஆகவே அதன் கரையும் மட்டமாகவே இருக்கும். நிலம் தாழும் இடங்களில் மட்டும் 'லாக்' எனப்படும், முன்னும் பின்னும் கதவுகள் கொண்ட தொட்டியைக் கட்டி, அதற்குள் படகை நிறுத்தித் தண்ணீரை வடித்துக் கீழே இறக்குவார்கள். இந்தக் கால்வாயில் அத்தகைய லாக்குகள் 12 இருக்கின்றன. அவை எல்லாம் கேம்டனிலிருந்து கிழக்கே உள்ளவை. எல்லாம் சேர்ந்து இறக்கும் உயரம் சுமார் 26 மீட்டர்தான். அதாவது, மேற்கிலிருந்து கிழக்காக நடந்தால் கேம்டன் வரை சமதளம், அதன்பின் உணர முடியாத அளவுக்கு மெல்லிய இறக்கம். எதிர்த்திசையில் நடக்கச் சொல்லும் வழிகாட்டிகளும் உண்டு. முழங்கால் வலி உள்ளவருக்கு அது வீண் வேலை.

இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு நடந்தால் வழியெங்கும் காண்பவை புரியும். இந்தப் பாதை மனிதருக்காகப் போடப்பட்டதன்று. படகை இழுத்த குதிரைக்காகப் போடப்பட்டது. சாலையில் ஒரு குதிரை வண்டியில் வைத்து இழுக்கும் சுமையைப் போலப் பல மடங்கை, நீரில் மிதக்கும் படகில் அதே குதிரை இழுத்துவிடும். அந்தக் கணக்கை நம்பித்தான் இவ்வளவு மண்ணை வெட்டினார்கள். பாலங்களின் கீழ் பாதை ஏன் குறுகிப் போகிறது, உட்கார பெஞ்சுகள் ஏன் அரிதாக உள்ளன, இரும்புத் தூண்களில் ஏன் வரிவரியாகப் பள்ளங்கள் உள்ளன என்பவற்றுக்கெல்லாம் விடை அந்தக் குதிரைதான். குதிரை இழுக்கும் சரக்குப் போக்குவரத்து இங்கே 1956இல் முடிவுக்கு வந்தது. பாதை மட்டும் நமக்கு மிஞ்சியது.

முதல் நாளை லங்காஸ்டர் கேட் நிலையத்தில் தொடங்குங்கள். தெருவைக் கடந்தால் கென்சிங்டன் தோட்டத்தின் வட ஓரத்தில், 1860களில் அமைக்கப்பட்ட இத்தாலியத் தோட்டமும் அதன் நீரூற்றுகளும் வரும். அங்கிருந்து தெற்கே நீளும் ஏரி இயற்கையானதன்று. 1730இல் இரண்டாம் ஜார்ஜ் மன்னரின் மனைவி கரோலைன், வெஸ்ட்போர்ன் என்னும் சிற்றாற்றை மறித்துச் செய்வித்தது அது. ஹைட் பார்க்கில் 'சர்பென்டைன்' என்று பெயர் பெறுவதும் இதே நீர்தான். ஹைட் பார்க்கே எட்டாம் ஹென்றி 1536இல் மடத்துத் துறவிகளிடமிருந்து மான் வேட்டைக்காகப் பறித்த நிலம். அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட ஒரு நூற்றாண்டு ஆகி, முதலாம் சார்ல்ஸ் 1637இல்தான் திறந்தார். இங்கே அரைமணி நேரத்துக்கு மேல் செலவிட வேண்டாம். வடக்கே திரும்பிப் பேடிங்டன் நோக்கி நடந்தால், கட்டடங்களுக்கு இடையே திடீரென்று நீர் தெரியும். அதுதான் 1801இல் திறக்கப்பட்ட பேடிங்டன் கிளைக் கால்வாயின் முனை. இங்கிலாந்தின் நடுப்பகுதியான மிட்லண்ட்ஸின் ஆலைச் சரக்குகள் லண்டனுக்குள் வந்து இறங்கிய இடம் இது.

அங்கிருந்து கரையோரமாகவே நடந்தால் 'லிட்டில் வெனிஸ்' எனப்படும் முக்கோணக் குளம் வரும். பெயர் பெரிது, பார்ப்பதற்கு அமைதியான, வில்லோ மரங்கள் சூழ்ந்த ஒரு நீர்ச்சந்திதான். கவிஞர் ராபர்ட் பிரவுனிங் 1862 முதல் கால் நூற்றாண்டுக் காலம் இதன் கரையில் குடியிருந்தார். ரீஜென்ட் கால்வாய் பிரிவது இங்கேதான். ஆனால் உடனே கரையில் இறங்க இயலாது. பிளம்ஃபீல்ட் சாலையை ஒட்டிய கரை படகுவாசிகளுக்கு உரியது, அதற்கு வாயிற்கதவு உண்டு. நீங்கள் சாலையோர நடைபாதையில், வேலிக்கு அப்பால் வரிசையாக நிற்கும் 'நாரோபோட்' வீடுகளைப் பார்த்தபடி நடக்க வேண்டும். அவற்றின் அகலம் இரண்டு மீட்டருக்குச் சற்று மேல்தான். அதற்குள் அடுப்பு, படுக்கை, புத்தக அலமாரி எல்லாம் அடங்கியிருக்கும். கூரையில் விறகும் பூந்தொட்டியும் வைத்திருப்பார்கள்.

அடுத்து மெய்டா ஹில் சுரங்கம். நீளம் 250 மீட்டர் அளவு; உள்ளே நடைபாதை கிடையாது. படகை விட்டுப் பிரிந்து குதிரை மேலேறிச் சென்ற வழியிலேயே நீங்களும் அபர்டீன் பிளேஸ் தெரு வழியாகச் சென்று, மறுபுறம் படிகளில் இறங்க வேண்டும். அன்றைய நடையில் அம்மாவுக்குச் சிரமம் தரக்கூடியவை இந்தப் படிகள்தான். கைப்பிடி பிடித்து மெதுவாக இறங்கட்டும்.

இவ்விடத்தில் அப்பாவுக்கு ஒன்று சொல்லுங்கள். கிரிக்கெட் பார்ப்பவராக இருந்தால் மகிழ்வார். தாமஸ் லார்ட் என்பவர் இப்பகுதியில் 1811இல் கிரிக்கெட் மைதானம் ஒன்றை வைத்திருந்தார். அவருடைய முதல் மைதானத்துக்கு அடுத்தது அது. ரீஜென்ட் கால்வாய்க்கு வகுத்த வழி அந்த மைதானத்தின் ஊடாகப் போனதால், அவர் மீண்டும் இடம் பெயர்ந்து, 1814இல் மூன்றாவது மைதானத்தைத் திறந்தார். இன்று உலகம் அறிந்த லார்ட்ஸ் மைதானம் அதுதான். சில நிமிட நடையில் இருக்கிறது. இந்தக் கால்வாய் வெட்டப்படாமல் இருந்திருந்தால் லார்ட்ஸ் வேறோர் இடத்தில் இருந்திருக்கும்.

சில இருப்புப்பாதைப் பாலங்களைக் கடந்ததும் ஓசை அடங்கி, இருபுறமும் மரங்கள் கூடும். ரீஜென்ட் பூங்காவின் வட எல்லை வந்துவிட்டது. பூங்காவும் கால்வாயும் ஒரே காலத்தில் எழுந்தவை; இரண்டிலும் ஒரே கட்டடக் கலைஞரின் கை உண்டு. பின்னாளில் நான்காம் ஜார்ஜ் ஆன இளவரசர் அன்று நோய்வாய்ப்பட்ட தந்தைக்குப் பதிலாக ஆட்சிப் பொறுப்பை ஏற்று 'பிரின்ஸ் ரீஜென்ட்' எனப்பட்டார். பூங்காவுக்கும் கால்வாய்க்கும் அவருடைய பட்டமே பெயராயிற்று. கட்டடக் கலைஞர் ஜான் நாஷ் 1811இல் பூங்காவுக்குத் திட்டம் வரைந்தார். 1812இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவான கால்வாய் நிறுவனத்திலும் அவர் இயக்குநர். கால்வாய் பூங்காவின் நடுவே ஓடினால் அழகாக இருக்கும் என்பது நாஷின் எண்ணம். ஆனால், பூங்காவில் மாளிகை வாங்கவிருந்த செல்வந்தர்களின் காதில் படகோட்டிகளின் வசைச்சொற்கள் விழக்கூடாது என்ற அச்சம் வென்றது. கால்வாயை ஓரத்துக்குத் தள்ளி, ஆழமான பள்ளத்தில் இறக்கி, மரங்களை நட்டு மறைத்துவிட்டார்கள். இன்று அந்தப் பள்ளமும் மரங்களும்தான் நமக்குக் குளிர்ச்சியான நிழல் தருகின்றன. கரையில் வெள்ளைத் தூண்களோடு எழுந்து நிற்கும் சில மாளிகைகளைக் கண்டு நாஷ் காலத்தவை என்று எண்ணிவிடாதீர்கள். அவை பழைய பாணியில் குவின்லன் டெரி வடிவமைத்து, 1988க்குப் பிறகு கட்டப்பட்டவை. நானும் முதல்முறை ஏமாந்தேன்.

இங்கே மேக்கிள்ஸ்ஃபீல்ட் பாலத்தின் கீழ் கட்டாயம் நின்று பாருங்கள். படகோட்டிகள் இதை 'வெடித்த பாலம்' என்றே அழைத்தார்கள். 1874 அக்டோபர் 2 அன்று விடியற்காலையில், வரிசையாக இழுத்துச் செல்லப்பட்ட படகுகளில் ஒன்றான 'டில்பரி', சர்க்கரையோடும் பிறவற்றோடும் பெட்ரோலியமும் சுமார் 5 டன் வெடிமருந்தும் ஏற்றிக்கொண்டு இந்தப் பாலத்தின் அடியில் வந்தபோது வெடித்தது. படகிலிருந்த மூவர் இறந்தனர், பாலம் தூள்தூளானது. பாலத்தைத் தாங்கிய இரும்புத் தூண்கள் மட்டும் தப்பின. மீண்டும் கட்டியபோது அதே தூண்களைத் திருப்பி நிறுத்தினார்கள். அதனால்தான் தூண்களில் கயிறு உரசிய பள்ளங்கள் இரண்டு பக்கமும் காணப்படுகின்றன: ஒரு பக்கம் வெடிப்புக்கு முந்தையது, மறுபக்கம் பிந்தையது. நீரில் நனைந்து மணல் ஒட்டிய இழுகயிறு, ஆண்டுக்கணக்கில் உரசி இரும்பை அறுத்த தடம் அது. விரல் வைத்துப் பார்க்கலாம். லண்டனில் எனக்கு மிகப் பிடித்த வரலாற்றுச் சின்னம் எது என்று கேட்டால், லண்டன் கோபுரத்தையோ வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தையோ சொல்லமாட்டேன்; இந்தத் தூணைத்தான் சொல்வேன்.

இதே பகுதியில், கரையோரக் கல்சுவரில் நீருக்குள் இறங்கும் சாய்வுத் தளங்களையும் காணலாம். மேலே ரயில் ஓசை கேட்டு மிரண்ட குதிரை தண்ணீரில் விழுந்தால், தானே ஏறி வர அமைத்த வழி அது.

இங்கிருந்து மேலேறி ஒரு மணி நேரமாவது பூங்காவுக்குள் செல்லுங்கள். 166 ஹெக்டேர் பரப்புள்ள இப்பூங்காவில் ஜூன் மாதம் பார்க்க வேண்டியது நடுவிலுள்ள குயின் மேரி தோட்டம். சுமார் 12,000 ரோஜாச் செடிகள் அப்போது பூத்திருக்கும். பெஞ்சுகளும் தாராளமாக உண்டு. அருகிலுள்ள படகு ஏரி ஆழமற்றது. அதற்கும் காரணம் உண்டு. 1867 ஜனவரி 15 அன்று, உறைந்த ஏரியின் மேல் சறுக்கி விளையாடிக்கொண்டிருந்தவர்களின் கீழ் பனித்தளம் உடைந்து 40 பேர் இறந்தனர். அதன்பிறகே ஏரியின் ஆழத்தைச் சுமார் நான்கு அடியாகக் குறைத்தார்கள்.

கால்வாய்க்குத் திரும்பினால், 1828இல் திறக்கப்பட்ட லண்டன் விலங்குக் காட்சிசாலையின் நடுவே பாதை செல்லும். வடகரையில் உயர்ந்து நிற்கும் கம்பிவலைக் கூடாரம் 1960களில் ஸ்னோடன் பிரபுவும் உடனிருந்தோரும் வடிவமைத்த பறவைக் கூடம். இப்போது அதில் கொலோபஸ் குரங்குகள் வாழ்கின்றன. கட்டணமின்றிக் கரையிலிருந்தே பார்க்கலாம். பிரிம்ரோஸ் குன்றின் உச்சி 60 மீட்டருக்குச் சற்று மேல். நகரம் முழுவதும் தெரியும் என்பது உண்மைதான், ஆனால் அந்தப் புல்சரிவை அப்பா மட்டும் ஏறி வரட்டும்.

சற்றுத் தூரத்தில் கால்வாய் திடீரென வடக்கே முறுக்கித் திரும்பும். இங்கிருந்து நேரே தெற்கே கம்பர்லேண்ட் சந்தைக்கு ஒரு கிளைக் கால்வாய் ஓடியது. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சில் இடிந்த கட்டடங்களின் கல்லும் மண்ணும் கொட்டி அதைத் தூர்த்துவிட்டார்கள். வளைவைக் கடந்தால் கேம்டன். கூட்டமும் கடைகளும் உணவு மணமும் நிறைந்த இடம். எனக்கு அவ்வளவு பிடிக்காது, ஆனால் வயிற்றுக்கு வேண்டியது கிடைக்கும். சந்தையைவிட, அதன் முன்னுள்ள ஹாம்ப்ஸ்டெட் சாலை லாக்கைப் பாருங்கள். ஒரு காலத்தில் இந்தக் கால்வாயின் லாக்குகள் எல்லாம் இரட்டையாக இருந்தன. ஒன்றில் படகு இறங்கும்போது மற்றொன்றில் ஏறலாம். பின்னாளில் ஒவ்வொரு இணையிலும் ஒன்றை நீர்வழிந்தோடும் மடையாக மாற்றிவிட்டார்கள். இரட்டையாகவே எஞ்சியது இது மட்டும். கதவின் நீண்ட மரத்துலாவை யாராவது முதுகால் தள்ளித் திறப்பதைப் பார்க்கக் கிடைத்தால் அவசரப்படாமல் நின்று பாருங்கள். முதல் நாளை இங்கேயே முடிக்கலாம். பூங்காவுக்குள் நடந்ததையும் சேர்த்து ஏழெட்டு கிலோமீட்டர் ஆகியிருக்கும். 1816இல் கால்வாய் முதலில் திறக்கப்பட்டதும் இதுவரைதான்.

மீதி வேலை தடுமாறியதற்குப் பணமே காரணம். கால்வாய்த் திட்டத்தை முதலில் முன்வைத்த தாமஸ் ஹோமரே நிறுவனத்தின் பணத்தைக் கையாடினார் என்பது 1815இல் வெளிவந்தது. பொறியாளர் ஜேம்ஸ் மார்கனின் மேற்பார்வையில் 1820 ஆகஸ்டில் லைம்ஹவுஸ் வரை திறக்கப்பட்டபோது மொத்தச் செலவு 7,72,000 பவுண்டு. மதிப்பிட்டதைப் போல் இரண்டு மடங்கு. செலவு இப்படி ஏறுவது அப்பாவுக்குப் புதிய செய்தியாக இராது.

இரண்டாம் நாளைக் கிங்ஸ் கிராஸில் தொடங்குங்கள். கால்வாயின் குறுக்கே வந்த இரண்டு ரயில் நிறுவனங்கள் அதை வெவ்வேறு விதமாகச் சமாளித்ததன் விளைவு இன்றும் கண்ணுக்குத் தெரியும். 1852இல் திறந்த கிங்ஸ் கிராஸ் நிலையத்தின் தண்டவாளங்கள் கால்வாய்க்கு அடியில் சுரங்கமாகச் செல்கின்றன. 1868இல் திறந்த செயின்ட் பான்கிராஸ் நிலையத்துக்கானவை கால்வாய்க்கு மேலே பாலமாகச் செல்கின்றன. அதனால்தான் பக்கத்துப் பக்கத்து நிலையங்களில் ஒன்றின் நடைமேடை தெருமட்டத்திலும் மற்றொன்றின் நடைமேடை மாடிபோல் உயர்ந்தும் அமைந்தன. உயர்ந்ததன் கீழே கிடைத்த இடத்தில் பர்ட்டன் நகரத்து பீர்ப் பீப்பாய்களை அடுக்கினார்கள். பீப்பாய்களின் அளவைக் கொண்டே தூண்களுக்கு இடைவெளி வகுத்தார்கள். யூரோஸ்டார் பயணிகள் இன்று காத்திருப்பது அந்தப் பீப்பாய்க் கிடங்கில்தான்.

அருகே பேட்டில்பிரிட்ஜ் படகுத்துறையில் உள்ள லண்டன் கால்வாய் அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கார்லோ கட்டி என்னும் சுவிட்சர்லாந்துக்காரரின் பனிக்கட்டிக் கிடங்கு அது. நார்வேயில் வெட்டிய பனிக்கட்டி கப்பலில் லைம்ஹவுஸுக்கு வந்து, அங்கிருந்து சரக்குப் படகில் இங்கே வந்து, தரைக்கு அடியில் வெட்டிய கிணறுகளில் சேமிக்கப்பட்டது. லண்டனின் எளிய மக்கள் ஐஸ்கிரீம் சுவைத்ததில் இந்த மனிதருக்குப் பெரும் பங்கு உண்டு.

அடுத்துள்ள இஸ்லிங்டன் சுரங்கம் சுமார் 878 மீட்டர். இதிலும் நடைபாதை இல்லை. குதிரை குன்றின் மேல் நடந்து செல்ல, ஆட்கள் படகில் மல்லாந்து படுத்துச் சுரங்கச் சுவரைக் காலால் உதைத்து உதைத்துப் படகை நகர்த்தினார்கள். 1826இல் சங்கிலியைப் பிடித்து நகரும் நீராவி இழுவைப் படகு வந்த பிறகே அந்தத் துன்பம் நீங்கியது. கால்வாயோர வழி முழுவதிலும் உண்மையான ஏற்றம் இந்தக் குன்று ஒன்றுதான். கிங்ஸ் கிராஸிலிருந்து ஏஞ்சல் நிலையம் வரை நார்தர்ன் சுரங்க ரயிலில் ஒரே ஒரு நிறுத்தம். மிக நீண்ட நகரும் படிக்கட்டு மேலே கொண்டுவந்து விட்டுவிடும். அம்மாவை அப்படி அழைத்து வாருங்கள்.

ஏஞ்சலுக்குக் கிழக்கே கோல்புரூக் ரோ தெருவருகில் இறங்கினால், விக்டோரியா பூங்கா வரை நான்கு கிலோமீட்டர் அளவுக்கு நடைபாதை தடையின்றி ஓடும். பழைய கிடங்குகள் அடுக்குமாடி வீடுகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறிய பகுதி; விரைவாகக் கடந்துவிடலாம். காலடியில் மட்டும் ஒரு வியப்பு உண்டு. செயின்ட் ஜான்ஸ் வுட்டிலிருந்து சிட்டி ரோடு வரை பாதைக்கு அடியில், 1979இல் பதித்த 400 கிலோவோல்ட் மின்வடங்கள் செல்கின்றன. அவற்றின் சூட்டைத் தணிக்கக் கால்வாய் நீரையே எடுத்துச் சுற்றவிடுகிறார்கள். நிலக்கரிக்கு வழிவிட்ட கால்வாய், படகுகள் ஓய்ந்த பின்னும் நகரத்துக்கு எரிசக்தி கொண்டு சேர்க்கிறது.

விக்டோரியா பூங்காவை அடையும்போது முதல் நாள் பார்த்த ரீஜென்ட் பூங்காவை நினைத்துக்கொள்ளுங்கள். அது மாளிகை மனைகளை விற்க எழுந்தது. இது நோய்க்கு அஞ்சி எழுந்தது. கிழக்கு லண்டனின் நெரிசலில் மக்கள் இளம் வயதிலேயே மடிவதை 1839இல் புள்ளியியலாளர் வில்லியம் ஃபார் புள்ளிவிவரத்தோடு எடுத்துக்காட்டினார். பூங்கா வேண்டி 30,000 பேர் கையெழுத்திட்ட மனு விக்டோரியா அரசிக்கு 1840இல் அனுப்பப்பட்டது. யார்க் ஹவுஸ் என்னும் அரச மாளிகையை சதர்லாந்து கோமகனுக்கு 72,000 பவுண்டுக்கு விற்று, அந்தப் பணத்தில் நிலம் வாங்கினார்கள். நாஷிடம் பயின்ற ஜேம்ஸ் பென்னிதார்ன் வடிவமைத்தார். 1845இல் மக்கள் நுழைந்தபோது, குளிக்க வசதியில்லாத தெருக்களிலிருந்து வந்தவர்கள் இதன் குளங்களில் குளித்தார்கள். மேற்குப் பூங்காவில் அமைதி விற்கப்பட்டது என்றால், இங்கே பேச்சு செழித்தது. வாக்குரிமை கேட்ட சாசன இயக்கத்தார் முதல் பொதுவுடைமையாளர் வரை மேடை போட்டார்கள்; வில்லியம் மாரிஸும் அன்னி பெசன்டும் கூட்டம் சேர்த்தார்கள். ஆம், பின்னாளில் நம் அடையாற்றில் வாழ்ந்து மறைந்த அதே அன்னி பெசன்ட்தான்; 1888இல் பக்கத்து ஊரான போவின் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களுக்குத் துணை நின்றவரும் அவரே. பூங்காவின் கிழக்கு ஓரத்தில் இரண்டு கல் மாடங்கள் உள்ளன. 1831இல் இடிக்கப்பட்ட பழைய லண்டன் பாலத்தின் மேல் பாதசாரிகள் ஒதுங்கி நிற்க அமைந்திருந்தவை. உள்ளே பெஞ்ச் உண்டு, அம்மா உட்காரலாம்.

பூங்காவுக்குத் தெற்கே மைல் எண்ட் வழியாக லைம்ஹவுஸ் இன்னும் மூன்று கிலோமீட்டர். சாலையின் மேல் புல்லும் மரமுமாக 2000இல் கட்டிய பசுமைப் பாலம் ஒன்று வழியருகே தெரியும். கோடையில் இந்தப் பகுதி நீரை நீர்ப்பாசி மூடி, வெட்டிய புல்தரை போலத் தோற்றமளிக்கும். அதைத் தரையென்று நம்பித் தாவி விழுந்த நாயை நான் பார்த்திருக்கிறேன். சிறுவர் உடன் வந்தால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பெரியவர்களைச் சுவரோரமாக நடக்கச் சொல்லுங்கள்; பாலங்களின் அடியில் வளைவில் சைக்கிள்கள் மணியடித்தபடி வேகமாக வரும். காலை எட்டு முதல் ஒன்பதரை வரையும் மாலை ஐந்துக்கு மேலும் அலுவலகம் செல்வோரின் சைக்கிள் மிகுதி என்பதால், பத்து மணிக்குத் தொடங்குவது நல்லது. பாதையில் கழிப்பறைகள் கிடையா. பூங்காவிலோ அருங்காட்சியகத்திலோ முன்கூட்டியே முடித்துக்கொள்ளுங்கள்.

கடைசி லாக்கைத் தாண்டினால் பாதை லைம்ஹவுஸ் படகுத்துறையில் விரிந்து முடியும். கடலிலிருந்து வந்த நிலக்கரிக் கப்பல்கள் நின்ற இடத்தில் இப்போது உல்லாசப் படகுகள் நிற்கின்றன. அதன் தென்முனையில் தேம்ஸ் நதிக்கான பெரிய மதகு இருக்கிறது; ஓதம் இறங்கிய நேரமானால் நதி பல மீட்டர் கீழே சேற்றோடு தெரியும், ஏறிய நேரமானால் கரையை முட்டிக்கொண்டிருக்கும். லைம்ஹவுஸ் டி.எல்.ஆர். (இலகு ரயில்) நிலையம் சில நிமிட நடைதான். அங்கிருந்து பேங்க் நிலையத்துக்கு நேரடியாக வண்டி கிடைக்கும்.